ஒரே தலையில் இரண்டு முடி: வீட்டில் கலந்த ஒரு ஹேர் சீரத்தின் நிகழ்வு ஆய்வு

இந்த நிகழ்வில் வருபவர் என் தோழியின் அக்கா. வயது முப்பதுகளின் நடுவில். வேரிலிருந்து நுனிவரை அளந்தால் முடி ஏறத்தாழ 45 சென்டிமீட்டர். லேசான அலை, நடுத்தரப் பருமன். அவர் சொன்ன குறைகள் மூன்று. தலைக்குக் குளித்துக் காய்ந்த பிறகு கீழ்ப்பாதி சொரசொரவென்று இருக்கிறது. சீப்பு தோளைத் தாண்டியதும் சிக்கி நின்றுவிடுகிறது. காற்றில் ஈரம் கூடிய நாட்களில் முடி முழுவதும் உப்பிக்கொள்கிறது. இத்தனைக்கும் அவர் விடாமல் சீரம் தடவிக்கொண்டுதான் இருந்தார், அதுவும் தானே கலந்தது.

அந்தக் கலவை பலரும் செய்துபார்ப்பதுதான்: இலையிலிருந்து வழித்த கற்றாழைச் சோறு, கிளிசரின், விளக்கெண்ணெய், பன்னீர், கூடவே வைட்டமின் ஈ மாத்திரையைக் குத்திப் பிழிந்தது. “எல்லாம் நல்ல பொருளாத்தானே போட்டிருக்கேன், சத்து முடிக்குள்ள இறங்கலையா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் தலைக்கு வெளியே வந்துவிட்ட முடி உயிரில்லாத இழை. அதற்குள் சத்து இறங்கினாலும் அதை எடுத்துக்கொண்டு வளரவோ ஆறவோ அங்கே உயிரணு எதுவும் இல்லை. சீரம் செய்யக்கூடியது மேற்பரப்பு வேலை. அந்த மேற்பரப்பு அவருடைய தலையில் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்த பிறகே எதைக் கலப்பது என்று யோசிக்க முடியும்.

முடியின் வயது

முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும். அப்படியானால் 45 சென்டிமீட்டர் முடியின் நுனிக்கு வயது நான்கு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. அக்கா முடியின் இயற்கை நிறத்தை பிளீச் வைத்து நீக்கிச் செம்பழுப்பு ஏற்றிக்கொண்டது இரண்டு வருடங்களுக்கு முன்பு. அதற்குப் பிறகு முளைத்தது மேலேயுள்ள 24 சென்டிமீட்டர். மீதி 21 சென்டிமீட்டர் பிளீச் பட்ட முடி. பிற்பாடு அந்தக் கீழ்ப்பகுதிக்குக் கறுப்புச் சாயம் பூசி நிறத்தை ஒன்றாக்கியிருந்ததால் கண்ணுக்கு எல்லை தெரியவில்லை. வேரிலிருந்து அளந்து ஒரு கற்றையில் 24-ஆவது சென்டிமீட்டரில் நூல் கட்டிப் பார்த்தேன். சீப்பு சிக்குகிற இடமும் சொரசொரப்பு தொடங்குகிற இடமும் அந்த நூலை ஒட்டியே இருந்தன.

அப்புறம் விரல் சோதனை. ஒரே ஓர் இழையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து வேரிலிருந்து நுனிக்கு இழுக்க வேண்டும். பிறகு நுனியிலிருந்து வேருக்கு. முடியின் மேல்தோலான கியூட்டிக்கிள், ஓடு வேய்ந்த கூரை போல ஒன்றன்மேல் ஒன்று படிந்த செதில்களால் ஆனது. செதில்களின் விளிம்பு நுனிப்பக்கம் பார்த்திருக்கும். அதனால் நல்ல முடியிலும் கீழிருந்து மேலே இழுத்தால் கொஞ்சம் பிடிக்கும், மேலிருந்து கீழே வழுக்கும். அக்காவின் முடியில் மேல்பகுதி அப்படித்தான் இருந்தது. நூல் கட்டிய இடத்துக்குக் கீழே இரண்டு திசையிலும் பிடித்தது. செதில்களின் விளிம்புகள் உடைந்தும் தூக்கிக்கொண்டும் இருப்பதற்கு இது போதுமான அடையாளம்.

ஒரு முடியைத் தண்ணீர்க் குவளையில் போட்டு அது மிதக்கிறதா மூழ்குகிறதா என்று பார்க்கும் சோதனையை நான் வேண்டுமென்றே செய்யவில்லை. முடியில் மீந்திருக்கும் எண்ணெயும் நீர்ப்பரப்பின் இழுவிசையும் சேர்ந்து அதன் முடிவைத் தாறுமாறாக்கிவிடும். அதை நம்பிக் கலவையை முடிவு செய்வது வீண்.

இன்னொன்றையும் கவனித்தேன். முன்நெற்றியில் முடி தொடங்கும் ஓரமாகச் சிறுசிறு பருக்கள். சீரத்தை எங்கிருந்து தடவத் தொடங்குவீர்கள் என்று கேட்டபோது உச்சியிலிருந்து என்றார்.

பழைய கலவையில் என்ன நடந்துகொண்டிருந்தது

முதலில் விளக்கெண்ணெய். அதன் கொழுப்பு அமிலங்களில் மிகப் பெரும்பங்கு ரிசினோலிக் அமிலம். அதன் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்வதால் மற்றத் தாவர எண்ணெய்களைவிடப் பல மடங்கு கெட்டியாக இருக்கிறது. கெட்டியான எண்ணெய் மெல்லிய படலமாகப் பரவாது. இழைகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். அக்காவின் முடியில் சிக்கு கூடியதற்கு இதுவும் ஒரு காரணம். விளக்கெண்ணெய் தடவிய பிறகு தலைமுடி திடீரென்று பிரிக்கவே முடியாதபடி சடைபிடித்துப்போன ஒரு பெண்ணின் நிகழ்வு 2017-இல் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியானது. அது மிக அரிது, பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. ஆனால் நீளமான, கியூட்டிக்கிள் கெட்ட முடிக்கு இந்த எண்ணெயைத் தினசரி சீரமாக வைத்துக்கொள்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அடுத்தது கிளிசரின். அது காற்றிலுள்ள ஈரத்தைப் பிடித்து வைக்கும். காற்று ஓரளவு ஈரமாக இருக்கும்போது இது நல்லதுதான், முடி வளைந்து கொடுக்கும். ஆனால் முடி தண்ணீரைக் குடித்தால் பக்கவாட்டில் வீங்கும். முழுக்க நனைந்த முடியின் விட்டம் ஏறக்குறைய 15 சதவீதம் கூடுகிறது, நீளமோ ஒன்றிரண்டு சதவீதம்தான். கூடவே, உலரும்போது முடியை ஒரு வடிவத்தில் பிடித்து வைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் ஈரத்தில் அறுந்து வேறு இடத்தில் கட்டிக்கொள்ளும். ஈரக்காற்று வீசும் நாளில் கிளிசரின் பூசிய பிளீச் முடி உப்பாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

வைட்டமின் ஈ மாத்திரை விஷயம் பலருக்கும் தெரிய வேண்டியது. எண்ணெய் காறிப்போகாமல் காப்பது டோகோஃபெரால் என்ற வைட்டமின் ஈ வடிவம். ஆனால் பல மாத்திரைகளில் இருப்பது டோகோஃபெரில் அசிடேட். எண்ணெயைக் காக்கும் வேலையைச் செய்யும் அந்த ஹைட்ராக்சில் முனையே அதில் மூடப்பட்டிருக்கும். உடம்புக்குள் போனால் அது திறந்துகொள்ளும், சீசாவுக்குள் திறக்காது. அதைவிட முக்கியமானது, டோகோஃபெராலே போட்டாலும் அது கிருமியைத் தடுக்காது. எண்ணெய் காறுவது வேறு, கலவையில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர்வது வேறு. வீட்டுக் கலவைகளில் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் ‘வைட்டமின் ஈ போட்டாச்சு, கெடாது’ என்ற நம்பிக்கை பரவியிருக்கிறது.

கற்றாழைச் சோறும் பன்னீரும் தண்ணீர். அதுவும் சர்க்கரைப் பொருட்கள் கலந்த தண்ணீர். பதப்படுத்தி எதுவும் சேர்க்காமல் குளியலறை அலமாரியில் வைத்தால் சில நாட்களிலேயே அதில் கிருமி பெருகும். அக்காவின் சீசாவைத் திறந்தபோது மேலே எண்ணெய், கீழே கலங்கல், புளித்த வாடை. கீறல் உள்ள தலைத்தோலிலோ தவறிக் கண்ணிலோ இது பட்டால் தொற்று வர வாய்ப்புண்டு. அந்தச் சீசாவை அன்றைக்கே கொட்டச் சொன்னேன்.

எண்ணெய் மட்டும், தண்ணீர் வேண்டாம்

தண்ணீர் சேர்ந்த சீரம் செய்யவே கூடாது என்றில்லை. பதப்படுத்தியாக ஃபீனாக்ஸிஎத்தனால் ஒரு சதவீதத்துக்கு மிகாமல், அல்லது அமிலத்தன்மையைக் காட்டும் pH அளவை 5-க்குக் கீழே வைத்துக்கொண்டு சோடியம் பென்சோயேட்டும் பொட்டாசியம் சார்பேட்டும் என்று முறையாகப் போகலாம். ஆனால் அது சரியாக வேலை செய்கிறதா என்று உறுதிப்படுத்த ஆய்வகச் சோதனை தேவை. வீட்டில் அதற்கு வழியில்லை. தண்ணீரே இல்லாத கலவையில் கிருமி வளர முடியாது. ஈரக்கையோ ஈரச் சொட்டுக்குழாயோ உள்ளே போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். பாதுகாப்பைக் கருதி இந்த ஒரு முடிவை முதலிலேயே எடுத்துவிட்டேன்.

இங்கே மென்மை, வழுவழுப்பு இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரு முடி எவ்வளவு எளிதில் வளைகிறது என்பது அதன் விட்டத்தைப் பொறுத்தது, அதுவும் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. இரண்டு மடங்கு தடித்த முடியை வளைக்கப் பதினாறு மடங்கு விசை வேண்டும். இதை எந்தச் சீரமும் மாற்றாது. முடிக்குள் இருக்கும் ஈரம் கொஞ்சம் இளக்கிக் கொடுக்கும், அவ்வளவுதான். ஆனால் கைக்கு ‘மெதுமெது’ என்று தோன்றுவதில் பெரும்பங்கு உராய்வு குறைவது. இழையும் இழையும் உரசாமல் வழுக்கினால் மூளை அதை மென்மை என்றே எடுத்துக்கொள்கிறது. ஆக, சீரத்தால் பிடிக்க முடிந்தது இந்த உராய்வைத்தான்.

பிளீச் படாத முடிக்கு இந்த வழுக்கலைத் தருவது அதன் மேலே பிணைந்திருக்கும் ஒரு கொழுப்பு அடுக்கு. 18-மெத்தில்ஐகோசனாயிக் அமிலம் என்பது அதன் பெயர். கியூட்டிக்கிளின் வெளிப்பரப்பில் ஒரே ஒரு மூலக்கூறு தடிமனில் நின்று தண்ணீரை விலக்கி வைக்கும். பிளீச்சின் காரமும் பெராக்ஸைடும் இதை அறுத்துவிடுகின்றன. போனது திரும்ப முளைக்காது. அது போன இடத்தில் எதிர்மின்சுமை கூடுகிறது, தண்ணீரை விலக்கிய பரப்பு தண்ணீரை விரும்பும் பரப்பாகிறது. அக்காவின் மேல் 24 சென்டிமீட்டரில் இந்த அடுக்கு பெரும்பாலும் இருக்கிறது, கீழ் 21 சென்டிமீட்டரில் இல்லை. ஒரே தலையில் இரண்டு வகை முடி. நல்ல கலவை என்று பொதுவாக ஒன்று இல்லை, எந்தப் பரப்புக்கு என்று கேட்டுத்தான் கலக்க வேண்டியிருக்கிறது.

எண்ணெய்களைத் தேர்ந்தது

தேங்காய் எண்ணெயைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள். அதில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். சிறிய, நேரான சங்கிலி கொண்டது என்பதால் முடிக்குள் ஊடுருவும். தேங்காய், சூரியகாந்தி, மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டு ரெலே, மோஹிலே இருவரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில் முடியிலிருந்து புரதம் கழுவிப்போவதைத் தேங்காய் எண்ணெய் மட்டுமே குறிப்பிடத்தக்க அளவு குறைத்தது. ஆனால் அது ஊறவைத்துச் செய்யும் வேலை. குளிப்பதற்கு முன் தடவ மிக நல்லது. குளித்த பின் பூசும் சீரமாக அது கனம், 24 டிகிரிக்குக் கீழே உறைந்தும்போகும். அதனால் சீரத்தில் சேர்க்கவில்லை. தலைக்குக் குளிப்பதற்கு முந்தைய இரவு கீழ்ப்பாதிக்கு மட்டும் தடவிக்கொள்ளச் சொன்னேன்.

சீரத்தின் அடிப்படைக்கு ஸ்குவாலேன் என்ற எண்ணெயை எடுத்தேன். நிறமோ வாடையோ இல்லை, இரட்டைப் பிணைப்பு இல்லாததால் காறாது, தோலில் பட்டாலும் இலேசு. அடுத்து ஜோஜோபா. எண்ணெய் என்று சொன்னாலும் அது திரவ மெழுகு. அதுவும் எளிதில் கெடாது, கொஞ்சம் நீண்ட நேரம் பரப்பில் நிற்கும். மூன்றாவது ஆர்கன் எண்ணெய். ஓலிக், லினோலிக் அமிலங்கள் மிகுந்தது, பளபளப்பு நன்றாக வரும். லினோலிக் இருப்பதால் காறும் வாய்ப்பு உண்டு, ஆகவே இதன் அளவைக் கட்டுக்குள் வைக்க வேண்டும். திராட்சை விதை எண்ணெயை விட்டுவிட்டதற்கும் இதே காரணம், அதில் லினோலிக் மிக அதிகம்.

முதல் கலவை இப்படி இருந்தது: ஸ்குவாலேன் 60, ஜோஜோபா 20, ஆர்கன் 19.5, டோகோஃபெரால் 0.5. எல்லாம் எடை சதவீதம். கரண்டிக் கணக்கும் சொட்டுக் கணக்கும் வேண்டாம். ஒவ்வொரு எண்ணெய்க்கும் சொட்டின் எடை வேறு, இரண்டாவது முறை அதே கலவை வராது. 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு ஒன்று இருந்தால் போதும்.

பாதித்தலைச் சோதனை

தடவிப் பார்த்து ‘நன்றாக இருக்கிறது’ என்று சொல்வதை நம்பி ஒரு கலவையைத் திருத்த முடியாது. புதிதாக எதைப் பூசினாலும் முதல் நாள் நன்றாகத்தான் தோன்றும். அதனால் நடுவகிடு எடுத்து ஒரு பக்கம் சீரம், மறுபக்கம் ஒன்றும் இல்லை. இரண்டு பக்கத்துக்கும் அதே ஷாம்பு, அதே சீப்பு, அதே காற்றில் உலர்த்தல். அடுத்த முறை பக்கத்தை மாற்றிவிட வேண்டும். எந்தப் பக்கம் படுத்துத் தூங்குகிறோம், எந்தத் தோளில் பை மாட்டுகிறோம் என்பதெல்லாம் முடியில் தெரியும், பக்கம் மாற்றாவிட்டால் அதைச் சீரத்தின் பலன் என்று எடுத்துக்கொள்வோம்.

தொட்டுப் பார்த்துச் சொல்லும் வேலை தோழிக்கு. எந்தப் பக்கம் எது என்று அவளுக்குச் சொல்லவில்லை. அக்கா தானே சொல்வதைத் தனியாகக் குறித்துக்கொண்டேன். கூடவே, தோளில் வெள்ளைத் துணி போட்டுச் சீவி, விழுந்தவற்றைப் பிரித்துப் பார்த்தோம். ஒரு முனையில் வெண்மையான சிறு குமிழ் இருந்தால் அது இயல்பாக உதிர்ந்த முடி. ஒரு நாளைக்கு 50 முதல் 100 வரை அப்படி உதிரும், அதற்குச் சீரம் பொறுப்பல்ல. குமிழ் இல்லாத துண்டுகள் சீவும்போது ஒடிந்தவை. நமக்கு வேண்டிய அளவுகோல் இந்தத் துண்டுகள்.

முடிவு தெளிவாகவே வந்தது. மேல்பகுதியில் சீரம் பூசிய பக்கம் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் அளவுக்கு வழுவழுப்பு. நூல் கட்டிய இடத்துக்குக் கீழே நிலைமை வேறு. பூசிய சில மணி நேரம் பரவாயில்லை, அப்புறம் நுனிகள் கொத்துக்கொத்தாகச் சேர்ந்து நின்றன. தொட்டால் ஒரு பக்கம் எண்ணெய், அதற்குள்ளேயே வறட்சி. ஒடிந்த துண்டுகள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுபோலவே கிடந்தன. அதாவது, அதிகம் தேவைப்பட்ட இடத்தில்தான் கலவை நிற்கவில்லை.

நுனியில் ஏன் நிற்கவில்லை

இந்தக் கேள்விதான் இந்த நிகழ்வின் உயிர். எண்ணெயைக் கூட்டிப் பார்க்கலாம் என்று தோன்றும், பெரும்பாலோர் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் கொழுப்பு அடுக்கை இழந்த பரப்பு தண்ணீரை விரும்பும் பரப்பு. ஈரமாக இருக்கும்போது அங்கே தண்ணீர் முந்திக்கொண்டு இடம்பிடித்துவிடும். எண்ணெய் சீராகப் படராமல் திட்டுத்திட்டாக நிற்கும். இன்னும் ஊற்றினால் திட்டுகள் பெரிதாகுமே தவிர, விட்டுப்போன இடம் நிரம்பாது.

அப்படியானால் எண்ணெய்க்கு முன்னால் அந்தப் பரப்பை மறுபடி தண்ணீரை விலக்கும் பரப்பாக்க வேண்டும். இதைச் செய்வது நேர்மின்சுமை கொண்ட கண்டிஷனர் பொருட்கள்: பெஹென்ட்ரைமோனியம் குளோரைடு, செட்ரைமோனியம் குளோரைடு போன்றவை. முடியின் சமமின் புள்ளி, அதாவது அதன் நேர், எதிர் மின்சுமைகள் சமமாக இருக்கும் pH அளவு, 3.7-ஐ ஒட்டியது. அதற்கு மேலான pH அளவுகளில், அதாவது நாம் தலைக்குப் பயன்படுத்தும் ஏறக்குறைய எல்லாவற்றிலும், முடியின் பரப்பு எதிர்மின்சுமையோடு இருக்கும். பிளீச் பட்ட இடத்தில் அது இன்னும் அதிகம். ஆகவே கண்டிஷனர் எங்கே சேதம் அதிகமோ அங்கே தானாகவே அதிகம் ஒட்டும். அதன் மூலக்கூறு, நேர்மின்சுமை உள்ள முனையால் முடியைப் பிடித்துக்கொண்டு, கொழுப்பு வாலை வெளியே நீட்டி நிற்கும். எண்ணெய்க்கு அது நல்ல தரை.

அக்கா கண்டிஷனர் போடுவதையே விட்டிருந்தார். சீரம் இருக்கும்போது அது எதற்கு என்ற எண்ணம். வாசனையில்லாத சாதாரணக் கண்டிஷனர் ஒன்றை, நூல் கட்டிய இடத்திலிருந்து கீழே மட்டும், ஒவ்வொரு தடவை தலைக்குக் குளிக்கும்போதும் போடச் சொன்னேன். இரண்டு மூன்று நிமிடம் விட்டு அலசிவிட வேண்டும். வீட்டிலேயே கலக்க ஆசைப்படுகிறவர்களுக்கும் இந்த ஒன்றை வாங்கிக்கொள்ளவே சொல்வேன். அது தண்ணீர் சார்ந்த குழம்பு, பதப்படுத்துதல் பற்றி மேலே சொன்னதெல்லாம் அதற்கும் பொருந்தும்.

கலவையிலும் ஒரு மாற்றம் செய்தேன். ஸ்குவாலேன், ஜோஜோபா, ஆர்கன் மூன்றையும் குறைத்து, பரவும் தன்மை மிகுந்த கோகோ-கேப்ரிலேட் சேர்த்தேன். இது தேங்காயிலிருந்து வரும் கொழுப்பு ஆல்கஹாலையும் கேப்ரிலிக் அமிலத்தையும் இணைத்துச் செய்யும் இலேசான எஸ்டர். கையில் விட்டால் உடனே பரவும், வழுக்கும், பிசுக்கு விடாது. மற்ற எண்ணெய்களையும் தன்னோடு இழுத்துக்கொண்டு பரவும்.

மறுபடி பாதித்தலைச் சோதனை, இந்த முறை இரண்டு பக்கமும் கண்டிஷனரோடு. சீரம் பூசிய பக்கத்து நுனியைத் தோழி தயங்காமல் அடையாளம் சொன்னாள். வெள்ளைத் துணியில் ஒடிந்த துண்டுகள் குறைந்திருந்தது எண்ணாமலே தெரிந்தது. கண்டிஷனர் மட்டும் போட்ட பக்கமும் பழைய நிலையைவிட நன்றாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பலனில் ஒரு பங்கு சீரத்துடையது அல்ல, அதன் அடியில் இருக்கும் கண்டிஷனருடையது.

சிலிகோனையும் வைத்துப் பார்த்தோம்

சிலிகோன் என்றாலே முடியை மூச்சுத் திணறவைக்கும் என்று சொல்லப்படுவதை நான் ஏற்கவில்லை. முடி மூச்சு விடுவதில்லை. உராய்வைக் குறைப்பதில் சிலிகோனுக்கு நிகரான எண்ணெய் குறைவு. சைக்ளோபென்டாசிலாக்சேன் என்ற இலேசான சிலிகோன் திரவத்தில் டைமெத்திகோனால் (dimethiconol) என்ற சிலிகோன் பிசினைக் கரைத்த கலவையை ஒரு பக்கமும், நம் எண்ணெய்க் கலவையை மறுபக்கமும் பூசிச் சீவிப் பார்த்தோம். மேல்பகுதியில் வித்தியாசம் இல்லை. நுனியில் சிலிகோன் பக்கம் சீப்பு கொஞ்சம் எளிதாக இறங்கியது. தொடுவதில் தோழியால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அந்தச் சிறு லாபத்துக்காக இரண்டையும் சேர்த்துக் கலந்துவிடலாமே என்று அக்கா கேட்டார். அந்தச் சிலிகோன் பிசின் தாவர எண்ணெய்களில் கரையாது, குலுக்கினால் கலங்கி, வைத்தால் இரண்டு அடுக்காகப் பிரிந்துவிடும். முதல் சொட்டில் ஒன்று, கடைசிச் சொட்டில் இன்னொன்று வரும் சீசாவால் பயனில்லை. சைக்ளோபென்டாசிலாக்சேன் சுற்றுச்சூழலில் சிதையாமல் தங்குகிறது என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2020 முதல் கழுவிவிடும் அழகுப் பொருட்களில் அதை 0.1 சதவீதத்துக்குக் கீழே கட்டுப்படுத்தியிருக்கிறது. தலையில் விட்டுவிடும் பொருட்களுக்கும் 2027-இல் அதே கட்டுப்பாடு வருகிறது. இதையெல்லாம் சேர்த்துப் பார்த்து எண்ணெய்க் கலவையோடு நிறுத்திக்கொண்டோம். நிறைய பிளீச் பட்ட, இடுப்புக்குக் கீழே போகும் முடியாக இருந்திருந்தால் என் முடிவு வேறாக இருந்திருக்கும்.

இறுதிக் கலவை

30 கிராமுக்கு:

கோகோ-கேப்ரிலேட் – 13.35 கிராம் (44.5 சதவீதம்)
ஸ்குவாலேன் – 12 கிராம் (40 சதவீதம்)
ஜோஜோபா – 3 கிராம் (10 சதவீதம்)
ஆர்கன் – 1.5 கிராம் (5 சதவீதம்)
டோகோஃபெரால் – 0.15 கிராம் (0.5 சதவீதம்)

சூடாக்க வேண்டியதில்லை. நன்றாகக் கழுவி முழுக்க உலர்ந்த கண்ணாடிக் குவளையில் ஒவ்வொன்றாக எடை போட்டு, கலக்கி, அடர்பழுப்புச் சீசாவில் ஊற்ற வேண்டும். துளி தண்ணீரும் உள்ளே இருக்கக் கூடாது. சொட்டுக்குழாயைவிட அழுத்தி எடுக்கும் பம்பு மூடி நல்லது, கையோ முடியோ கலவையைத் தொடாது. சீசாவின் மேல் கலந்த தேதியை எழுதி ஒட்டுங்கள். காறல் வாடை வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடலாம்.

மணத்துக்கு எதுவும் சேர்க்கவில்லை. வாசனை எண்ணெய்களில் இருக்கும் லினலூல், லிமோனின் போன்றவை காற்றில் பட்டு மாறும்போது தோலில் ஒவ்வாமையைத் தூண்டக்கூடும். சீரம் கழுவிவிடாமல் கழுத்திலும் முதுகிலும் நாள் முழுக்க உரசிக்கொண்டிருக்கும் பொருள். அக்காவுக்கு வாசனை வேண்டும் என்ற ஆசை இருந்தது, நான் விட்டுக்கொடுக்கவில்லை.

தலையில் வைப்பதற்கு முன் முழங்கையின் உட்புறத்தில் ஒரு சொட்டு தடவி 48 மணி நேரம் பார்த்தோம். சிவப்போ அரிப்போ வரவில்லை.

எவ்வளவு, எங்கே

ஒரு சின்னக் கணக்கு. தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடி, ஒவ்வொன்றின் விட்டம் 70 மைக்ரோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கீழே உள்ள 21 சென்டிமீட்டர் நீளத்தின் மேற்பரப்பை மட்டும் கூட்டினால் நாலரைச் சதுர மீட்டருக்கு மேல் வருகிறது. இதன்மேல் 0.2 கிராம் சீரத்தைச் சீராகப் பரப்பினால் படலத்தின் தடிமன் 50 நானோமீட்டர் அளவு. ஒரு கியூட்டிக்கிள் செதிலின் தடிமனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. உராய்வைக் குறைக்க இது போதும். இதற்கு மேல் போனால் இழைகள் ஒட்டத் தொடங்கும். அக்கா முன்பு உள்ளங்கை நிறைய எடுத்துக்கொண்டிருந்தார்.

0.2 கிராம் என்பது சொட்டுக்குழாயில் எட்டுச் சொட்டு போல வரும். அதை மொத்தமாக ஒரே இடத்தில் தேய்க்காமல், இரண்டு உள்ளங்கையிலும் விரல்களுக்கு நடுவிலும் பரப்பிக்கொண்டு, துண்டால் ஒற்றி எடுத்த அரை ஈர முடியில் நுனியிலிருந்து தொடங்கி நூல் கட்டிய இடம்வரை மேலே வர வேண்டும். கையில் மிஞ்சிய ஈரம் போன்ற பிசுக்கை மட்டும் மேல்பகுதியில் லேசாக ஓட்டினால் போதும், அங்கே இயற்கைக் கொழுப்பு ஏற்கெனவே இருக்கிறது. பெரிய பல் சீப்பால் ஒரு முறை சீவினால் படலம் இன்னும் சீராகும்.

தலைத்தோலில் கூடாது. தலைத்தோலில் வாழும் மலாசீசியா என்ற பூஞ்சைக்கு எண்ணெய்களிலுள்ள கொழுப்பு அமிலங்கள் தீனி, பொடுகு உள்ளவர்களுக்கு அது மோசமாகும். நெற்றியோரப் பருக்களுக்கும் பழைய சீரம் வழிந்து அடைத்ததே காரணமாக இருக்கலாம் என்று நினைத்து முன்முடியைத் தவிர்க்கச் சொன்னேன். சில வாரங்களில் பருக்கள் அடங்கிவிட்டன.

முடி நேராக்கும் கருவியைப் பற்றித் தனியாகக் கேட்டார். இந்தச் சீரம் வெப்பக் காப்பு அல்ல. குறிப்பாக, ஈரம் உள்ள முடியில் சூடான தட்டை வைத்தால் உள்ளே உள்ள தண்ணீர் ஆவியாகி முடிக்குள்ளேயே குமிழ்களை உண்டாக்கும், அந்த இடத்தில் முடி ஒடியும். பிளீச் பட்ட பகுதிக்கு அந்தக் கருவியே வேண்டாம் என்றேன். மேல்பகுதிக்கு எப்போதாவது, முழுக்க உலர்ந்த பிறகு, குறைந்த சூட்டில், சீரம் பூசாமல்.

இப்போதைய நிலை

சீப்பு சிக்குவது பெருமளவு தீர்ந்துவிட்டது. மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் கைக்குத் தெரிந்த வித்தியாசம் குறைந்திருக்கிறது, ஆனால் போகவில்லை. ஈரக்காற்று நாட்களில் உப்புவது குறைந்தது, அதில் பெரும்பங்கு கிளிசரினை நிறுத்தியதால்தான் என்று நினைக்கிறேன். கடைசி ஐந்தாறு சென்டிமீட்டரில் நுனிகள் இரண்டாகப் பிளந்திருந்தன. பிளந்ததை எந்தச் சீரமும் ஒட்டாது, தற்காலிகமாகப் படியவைக்கும். விட்டால் பிளவு மேலே ஏறும். அந்தப் பகுதியை வெட்டிவிட அக்கா சம்மதிக்கக் கொஞ்ச நாள் ஆனது. வெட்டிய பிறகு பிளீச் பட்ட நீளம் 15 சென்டிமீட்டர் அளவுக்குக் குறைந்ததால் சீரத்தின் அளவையும் ஆறு சொட்டாகக் குறைத்தோம்.

இனி ஒவ்வொரு முறை நுனி வெட்டும்போதும் நூலை மறுபடி அளந்து கட்டி, சொட்டுகளைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். பிளீச் பட்ட முடி முழுவதும் வெட்டுப்பட்ட பிறகு ஆர்கனை எடுத்துவிட்டு அந்த ஐந்து சதவீதத்தை ஸ்குவாலேனோடு சேர்த்தால் போதும், அப்போது இரண்டு மூன்று சொட்டுக்கு மேல் அவருக்குத் தேவைப்படாது.